பேரருவி வளைவும் இரண்டு ஜிபி ரேமும்

தென்காசிப் பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடைகளில் அதிகம் காதில் விழும் புகார் இரண்டே சொல்: "ஹேங் ஆகுது." திரை அசையாமல் நின்றாலும் அதே சொல்தான். மவுஸ் அம்பு நகர்கிறது, எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை என்றாலும் அதேதான். பாதி வேலையில் தானாக அணைந்துபோனாலும் வேறு சொல் கிடையாது. புகார் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது: "ஃபார்மட் போட்டுரலாம்." ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு பழைய கதை.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. குறைந்த நினைவகத்தில் கட்டற்ற இயங்குதளம் ஓடும் ஒரு மடிக்கணினி ஏன் உறைந்து நிற்கிறது? அதில் எது நினைவகத்தின் குற்றம், எது வேறொன்றின் குற்றம்? ஊரில் சொல்லப்படும் தீர்வுகளில் எவை பரிசோதனையில் தேறும்? இதற்குத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான களம் குறைவு. இங்கே அப்படிப்பட்ட கருவியை அரசே லட்சக்கணக்கில் வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறது.

கருவி வந்த வழி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களும் பயனாளிகள். அன்றைக்குத் தென்காசி திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். திட்டத்தின் ஆயுளில் மாநிலம் முழுக்க ஐம்பது லட்சம் கருவிகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தன. ஊரில் அதன் பெயர் "அம்மா லேப்டாப்".

கொள்முதல் செய்தது தமிழக அரசின் எல்காட் நிறுவனம். அதற்குக் கட்டற்ற மென்பொருளோடு பழைய உறவு உண்டு, சி.உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் அலுவலகக் கணினிகளை சுசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-இன் மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று பாஸ் லினக்ஸ். டெபியனை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது. ரேம் 2 ஜிபி, வன்தட்டு 320 ஜிபி. அன்றைக்கு அது குறைவில்லை. கைப்பட எழுதிய விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யவும், பாடம் பார்க்கவும், ஒரு படம் ஓட்டவும் தாராளம்.

கருவியைத் திறந்ததும் எந்த இயங்குதளம் என்று கேட்கும் பட்டியலில் பலரும் லினக்ஸைத் தொட்டதில்லை. தொட்டவர்களில் பலர் முதல் உறைவிலேயே அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "லினக்ஸ்னாலே ஹேங்தான்" என்ற பேச்சு அப்படிப் பரவியது. அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், உறைவு என்பதையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல்லுக்குள் ஐந்து நோய்

முதல் நோய் நினைவக நெருக்கடி. அடையாளம், வன்தட்டு விளக்கு அணையாமல் எரிவது. அம்பு விட்டுவிட்டு நகரும். பாட்டு ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப இழுக்கும். காத்திருந்தால் சிலசமயம் மீளும்.

இரண்டாவது வன்தட்டுப் பழுது. விளக்கு இங்கேயும் எரியும், ஆனால் ரேமில் இடம் தாராளமாக இருக்கும்போதே எரியும். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில் "மாற்றி ஒதுக்கிய பகுதிகள்", "படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள்" என்ற இரு வரிகள் உண்டு. இரண்டாவது வரியில் பூஜ்யத்துக்கு மேல் ஓர் எண் வந்து நின்றால், செய்ய வேண்டிய முதல் வேலை கோப்புகளை நகலெடுப்பது. ஃபார்மட் பிறகு.

மூன்றாவது சூடு. விசிறி வேகமெடுத்து இரைந்து, கருவி மந்தமாகி, கடைசியில் சொல்லாமல் அணையும். குற்றாலச் சாரல் மாதங்களில் காற்றில் ஈரம் ஏறிக் கிடக்கும். விசிறித் துடுப்புகளுக்குப் பின்னே சேரும் தூசி உலர்ந்த பொடியாக இல்லாமல் கம்பளித் துணிபோல் படிந்துவிடும். கட்டில் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் மிச்சமிருக்கும் வழியும் அடைபடும்.

நான்காவது, ரேம் சில்லுவின் பழுது அல்லது அது சொருகியிருக்கும் இடத்தின் பழுது. இதற்கு நேரம் காலம் கிடையாது. ஒரு நாள் எழுத்துச் செயலியில், மறுநாள் ஒன்றுமே திறக்காத வேளையில் நிற்கும். விளக்கு எரியாது, சத்தமில்லை.

ஐந்தாவது, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலும் செயலியும் ஒத்துப்போகாத பிழை. இதற்கு நன்கு பதிவான உதாரணம் இன்டெலின் பே டிரெயில் வகை மலிவுச் செயலிகள். லினக்ஸில் அவை ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைக்குப் போய்விட்டுத் திரும்பாமல் உறைந்தன. 2015 வாக்கில் தொடங்கிய புகார் பல ஆண்டுகள் நீடித்தது. செயலியை ஆழ்ந்து தூங்கவிடாமல் தடுக்கும் ஒரே ஒரு தொடக்க அளவுருவை எழுதியதும் பலருக்குக் குணமானது. அவர்களில் எத்தனை பேர் அதற்குமுன் வீணாக ரேம் வாங்கிப் போட்டிருப்பார்களோ!

ஐந்தையும் பிரித்தறியப் பெரிய கருவி வேண்டாம். உறைந்த நொடியில் மூன்று கேள்வியோடு தொடங்கலாம். வன்தட்டு விளக்கு எரிகிறதா? கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் விளக்கு மாறுகிறதா? தாமதமாக மாறினாலும் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். தானாகவே விட்டுவிட்டு மின்னினால் கெர்னலே விழுந்துவிட்டது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் காத்திருந்தால் கறுப்புத் திரையில் உள்நுழைவு வரி வருகிறதா? வந்தால் உறைந்தது கணினி அல்ல, மேசைத்தளம் மட்டும். இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பவர், தடயத்தைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுகிறார்.

நெருக்கடி உள்ளே எப்படி நடக்கிறது

இப்போது முதல் நோய்க்கு வருவோம். சிறிய கருவிகளில் அதிகம் காண்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

லினக்ஸ் கேட்பவர்க்கெல்லாம் நினைவகம் தருவதாக வாக்குக் கொடுக்கும். கல்யாண வீட்டில் ஆயிரம் பத்திரிகை அடித்தாலும் பந்திக்கு இருநூறு இலைதானே போடுகிறோம். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற கணக்கு. அதே கணக்குதான் இங்கும். பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்காத நாளில், உட்கார்ந்திருப்பவர்களில் இப்போது சாப்பிடாதவர் யார் என்று பார்த்து எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும்.

வெளியே அனுப்ப இரண்டு வாசல். நிரல்கள் தாமாக உண்டாக்கிய தரவு ஸ்வாப் என்ற வன்தட்டுப் பகுதிக்குப் போகும். நிரல்களின் கட்டளை வரிகளோ ஏற்கெனவே கோப்பாக வன்தட்டில் இருப்பவை. அவற்றை எழுதிவைக்கத் தேவையில்லை, ரேமிலிருந்து துடைத்துவிட்டால் போதும், மறுபடி வேண்டும்போது படித்துக்கொள்ளலாம். சிக்கல் இங்கேதான். துடைத்த மறுகணமே அந்த வரி தேவைப்படுகிறது. அதைப் படிக்க இன்னொன்றைத் துடைக்க வேண்டும். அதுவும் உடனே தேவைப்படுகிறது.

எண்ணில் பார்த்தால் கொடுமை விளங்கும். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் வன்தட்டு, சிதறிய இடங்களிலிருந்து படிக்கும்போது நொடிக்கு நூறு முறை படித்தாலே பெரிது. ஒருமுறைக்கு ஒரு பக்கம், அதாவது 4 கேபி. 100 எம்பியைத் திரும்பக் கொண்டுவர 25,600 பக்கங்கள் வேண்டும். நொடிக்கு நூறு என்றால் 256 நொடி, நான்கு நிமிடத்துக்கு மேல். அடுத்தடுத்த பக்கங்களைச் சேர்த்துப் படிக்கும் உத்தியால் இது ஓரளவு குறையும். ஆனாலும் ரேமுக்கும் வட்டுக்கும் நடுவே லட்சம் மடங்கு வேக வேறுபாடு இருக்கிறது. அந்த நான்கு நிமிடத்தில் கணினி சாகவில்லை, மூச்சுவிட நேரமில்லாமல் உழைக்கிறது. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த நிலையை 1968-இலேயே பீட்டர் டென்னிங் ஆராய்ந்து எழுதினார். ஒரு நிரலுக்கு அந்தந்த நேரத்தில் உண்மையில் தேவைப்படும் பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு. எல்லா நிரல்களின் தொகுதிகளும் சேர்ந்து ரேமில் அடங்காவிட்டால் வேகம் படிப்படியாகக் குறையாது, சட்டென்று சரியும் என்பது அவர் காட்டிய உண்மை. அவர் சொன்ன மருந்தும் அப்போதே தெளிவு: அடங்கும் அளவுக்கு மேல் நிரல்களை உள்ளே விடாதே.

லினக்ஸிலும் ஒரு காவலர் இருக்கிறார். நினைவகம் தீர்ந்தால் ஒரு நிரலைப் பலியிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும் ஓஓஎம் கில்லர். ஆனால் அவர் மிகத் தாமதமாக எழுந்திருப்பவர். ஒரு பக்கத்தைத் துடைத்து இடம் கிடைக்கிறவரை, "இன்னும் இடம் இருக்கிறது" என்பதே கெர்னலின் கணக்கு. அந்த இடத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது கணக்கில் இல்லை. 2019 ஆகஸ்டில் கெர்னல் உருவாக்குநர்களிடையே இது பெரிய விவாதமானது: ஸ்வாப் இல்லாத, ரேம் குறைந்த கணினியில் உலாவியில் தாவல்களைத் திறந்துகொண்டே போனால் இயங்குதளமே நிமிடக்கணக்கில் கைவிட்டுப் போகிறது. ஆக, "லினக்ஸ்னாலே ஹேங்" என்ற தென்காசிப் பேச்சில் ஒரு பங்கு உண்மை இருந்தது. குறைபாட்டை அதை எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

வளைவைத் தொடும் முன்

குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. மேலே மலையில் மழை வலுத்து, தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர் முணுமுணுப்பார். ஆனாலும் போலீஸ்காரர் விசில் ஊதுவது வெள்ளம் வரும் முன். கெர்னலின் காவலர் வெள்ளம் ஆளை இழுத்த பிறகு விசிலைத் தேடுகிறார். பின்னாளில் வந்த தீர்வுகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்த வளைவைக் கட்டும் முயற்சிகள்தான்.

முதலில் அளவுகோல். 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20-இல் பேஸ்புக் பொறியாளர்கள் பிஎஸ்ஐ என்ற நெருக்கடி மானியைச் சேர்த்தார்கள். எவ்வளவு ரேம் மிச்சம் என்பதை அது பார்ப்பதில்லை. நிரல்கள் நினைவகத்துக்காகக் காத்துக்கிடந்த நேரம் எவ்வளவு என்று அளக்கிறது. அதன்பேரில் முன்கூட்டியே செயல்படும் சிஸ்டம்டி-ஓஓஎம்டி 2020-இல் வந்தது. அதைவிட எளிய எர்லிஓஓஎம், கிடைக்கும் ரேமும் மீதி ஸ்வாப்பும் இரண்டுமே பத்து விழுக்காட்டுக்குக் கீழ் போனால் ஒரு நிரலை மரியாதையாக விலகச் சொல்லும். ஐந்துக்குக் கீழ் போனால் கேட்காமல் நிறுத்தும். ஃபெடோரா 2020-இல் இதை மேசைக் கணினிகளுக்கு இயல்பாகவே சேர்த்தது.

அடுத்து அருவியின் வேகத்தையே குறைக்கும் வழி: ஸீராம். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கிவைக்கும் ஸ்வாப்பாக மாற்றுவது. 2014-இல் 3.14 பதிப்போடு கெர்னலின் நிரந்தரப் பகுதியானது. மேசைத் தரவு பெரும்பாலும் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடும். வட்டைத் தேடி ஓடுவதற்குப் பதில் செயலி கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. நான்கு நிமிடக் காத்திருப்பு கண்சிமிட்டும் நேரமாகிறது. 2 ஜிபி கருவிக்கு இதைவிடச் சிக்கனமான மருந்து இல்லை.

இது எதுவும் புதுமை அல்ல என்பதற்குச் சான்று நம் சட்டைப்பையில். 512 எம்பி ரேமோடு வந்த ஆண்ட்ராய்டு போன்களும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடின. அவை மடிக்கணினிபோல் நிமிடக்கணக்கில் உறையாததற்குக் காரணம், பின்னால் கிடக்கும் நிரல்களை முன்கூட்டியே மூடிவிடும் காவலர் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்ததுதான்.

மறுபக்க உதாரணமும் உண்டு. நிக்கோலஸ் நெக்ரோபாண்டே முன்னெடுத்த "ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி" திட்டத்தின் எக்ஸ்ஓ கருவி 2007-இல் உற்பத்திக்கு வந்தது. 256 எம்பி ரேம், 1 ஜிபி ஃபிளாஷ், ஃபெடோரா லினக்ஸ். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் கைராட் கிராமப் பள்ளியில் முன்னோட்டமும் நடந்தது. விசிறி இல்லை, சுழலும் வட்டு இல்லை. சூடும் தூசியும் தொல்லை தரவில்லை. ஆனால் ரேம் போதாத சிக்கல் அப்படியே இருந்தது. மாணவர் இரண்டு மூன்று செயல்பாடுகளை ஒன்றாகத் திறந்தால் திணறியது. ஃபிளாஷ் முழுக்க நிரம்பினால் கருவி தொடங்கவே மறுத்தது. சேமிப்பிடம் நிரம்புவதும் உறைவாகத் தெரியும் என்பதற்கு அது நல்ல பாடம். இன்றைய லினக்ஸிலும் இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதி நிரம்பினால் உள்நுழைவுத் திரையைத் தாண்ட முடியாமல் போகும்.

ஊர் வைத்தியம், தேறியதும் தேறாததும்

"ரேம் ஃபுல்லா இருக்கு, அதான் ஹேங்." பாதிப் பொய். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். ஃப்ரீ கட்டளை காட்டும் எண்களில் காலியிடத்தைப் பார்க்கக் கூடாது. "கிடைக்கக்கூடியது" என்ற கடைசிப் பத்தியைப் பார்க்க வேண்டும். இந்தக் குழப்பத்துக்காகவே அந்தப் பத்தி 2014-இல் சேர்ந்தது.

"ஸ்வாப்பை அணைச்சிட்டா ஹேங் ஆகாது." இல்லை, மோசமாகும். ஸ்வாப் வாசலை மூடினால் மிஞ்சுவது நிரல்களின் கட்டளை வரிகளைத் துடைக்கும் வாசல் மட்டும். அதன்பின் உறைவு முன்னறிவிப்பின்றி வரும்.

"ஸ்வாப்பினஸ் எண்ணைப் பத்தாக்கு." இயல்பான மதிப்பு 60. வட்டில் ஸ்வாப் இருக்கும்போது குறைப்பதற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஸீராம் போட்ட கருவியில் அது தலைகீழ். அங்கே 100-க்கு மேல் ஏற்றுவதுதான் பொருத்தம். இரண்டுக்கும் ஒரே சீட்டு எழுதுவது தவறு.

"ரேமைக் கழற்றி ரப்பரால தேய்ச்சு மாட்டு." சிரிக்க வேண்டாம், இது தேறுகிறது. தொடுமுனைகளில் படியும் அழுக்கும் தளர்ந்த சொருகலும் உண்மையான காரணங்கள். ஈரக்காற்று ஊரில் இன்னும் கூடுதலாக. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மென்மையான ரப்பரால் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டுச் சொருக வேண்டும். ஆனால் இது நான்காவது நோய்க்கான மருந்து. முதல் நோய்க்குப் பலிக்காது. தேய்த்தும் உறைவு நிற்கவில்லை என்றால் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தச் சில்லை மாற்ற வேண்டியதுதான். மாற்றக் காசில்லாதவர் பழுதான முகவரியை மட்டும் ஒதுக்கிவைக்கும்படி லினக்ஸிடம் சொல்லலாம்.

"இன்னொரு ரேம் போடு." சரியான தீர்வு, ஒரு பொறியோடு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தவே பயன்படுத்தாது. அது அந்தப் பதிப்புக்கு விதித்த வரம்பு. லினக்ஸை அழித்துவிட்டு ஸ்டார்ட்டரை வைத்துக்கொண்டவர் ரேம் வாங்கிப் போட்டால் அந்தக் காசு தண்ணீரில் போட்டதுதான். அதே சில்லை அதே கருவியின் லினக்ஸ் முழுதாக எடுத்துக்கொள்ளும்.

"எஸ்எஸ்டி போடு." மேலே சொன்ன நொடிக்கு நூறு என்ற கணக்கை ஆயிரங்களுக்குக் கொண்டுபோகிறது. முதல் நோயையும் இரண்டாவது நோயையும் ஒன்றாகத் தணிக்கும் ஒரே செலவு இது. ரேம், எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், பழைய வன்தட்டு உள்ள கருவிக்கு எஸ்எஸ்டியும் ஸீராமும் என்பேன்.

கருவி மாறவில்லை, சுமை மாறியது

இன்னொரு கேள்வி மிச்சம். 2011-இல் ஓடிய அதே கருவி, அதே 2 ஜிபி, 2020-இல் ஏன் நகரக்கூட மறுத்தது? ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு வந்ததும் பீரோவில் கிடந்த மடிக்கணினிகளை எடுத்துத் தூசி தட்டியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்.

விடையின் ஒரு பங்கு உலாவியில் இருக்கிறது. 2018-இல் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளியானபின், ஒரு தளத்தின் தரவை மற்றொரு தளம் எட்டிப்பார்க்காதபடி குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் ஓட்டத் தொடங்கியது. நினைவகத் தேவை அதனால் 10 முதல் 13 விழுக்காடு கூடும் என்று கூகுளே சொன்னது. ஃபயர்பாக்ஸ் 2021-இல் அதே வழிக்கு வந்தது. பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது, தவறில்லை. ஆனால் அந்த விலையை 2 ஜிபி வைத்திருந்த வீடும் 16 ஜிபி வைத்திருந்த அலுவலகமும் ஒரே தொகையாகக் கட்ட வேண்டியிருந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவும் 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. கருவியோடு வந்த இரண்டில் புதுப்பிப்பு கிடைக்கும் இயங்குதளமாக மிஞ்சியது, பலரும் முதல் உறைவிலேயே அழித்த லினக்ஸ்தான்.

தென்காசிக்கு இதில் தனியான ஒரு முரண் உண்டு. பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் 2011-இலிருந்து இயங்குகிறது. உலகம் முழுக்க உலாவிக்குள் ஓடும் மென்பொருள் அங்கே உருவாகிறது. அந்த உலாவியைத் திறந்தால் திணறும் மடிக்கணினிகளும் அதே ஆண்டில்தான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வரத் தொடங்கின.

முடிவாக

பார்த்தவரை வைத்து வரிசைப்படுத்தினால்: முதலில் உறைவின் அடையாளத்தைக் குறித்துக்கொள். நினைவகம்தான் என்று உறுதியானால் ஸீராமும் எர்லிஓஓஎம்மும் போடு, காசு செலவில்லை. மேசைத்தளத்தை எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற இலகுவான ஒன்றுக்கு மாற்று. பிறகு எஸ்எஸ்டி, பிறகு ரேம். ஃபார்மட் கடைசி. அது நோயைக் குணமாக்குவதில்லை. குவிந்த சுமையை இறக்கிவைத்து ஒரு வாரம் தவணை வாங்கித் தருகிறது.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் இருபது லட்சம் பேருக்குக் கணினிச் சாதனங்கள் என்று தமிழக அரசு அறிவித்தது. எல்காட் ஒப்பந்தப்புள்ளி கேட்ட கருவிக்கு 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. நான்கு மடங்கு இடம். ஆனால் 2011-இல் 2 ஜிபியும் தாராளமாகத்தான் தெரிந்தது. ஆற்றின் அகலத்தைக் கூட்டினால் வெள்ளம் தள்ளிப்போகும். வளைவு இல்லாவிட்டால் ஒருநாள் வரும். அந்தப் பெட்டிக்குள் சார்ஜரோடு ஒரு தாள் வைக்கலாம். மேலே சொன்ன மூன்று கேள்விகள், தமிழில், பெரிய எழுத்தில். விளக்கு எரிகிறதா, கேப்ஸ் லாக் மாறுகிறதா, கறுப்புத் திரை வருகிறதா. அந்தப் பதில்களோடு கடைக்குப் போகும் பிள்ளையிடம் "ஃபார்மட் போட்டுரலாம்" என்று சொல்வது அவ்வளவு எளிதாக இருக்காது.